எமோ: ஹார்ட்கோர் இசைக்குள் நிகழ்ந்த ஒரு திருப்பம்

எமோ என்ற இசைவகையின் பெயரைச் சொன்னதும் பலருக்கு நினைவுக்கு வருவது 2005-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொலைக்காட்சியிலும் இணையத்திலும் பரவிய ஒரு தோற்றம்: ஒரு கண்ணை மறைக்கும் கறுப்பு முடி, கண்மை, இறுக்கமான ஜீன்ஸ், எந்நேரமும் வாடிய முகம். அந்தத் தோற்றத்துக்கும் அதோடு சேர்ந்து வந்த பாடல்களுக்கும் தனியாக ஒரு வரலாறு உண்டு. அதை இங்கே விரிக்கப்போவதில்லை. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பு, அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில், ஹார்ட்கோர் பங்க் என்னும் முரட்டு இசைக்குள்ளிருந்தே ஒரு கிளை முளைத்து, பெரிய இசை நிறுவனங்களின் கை படாமலே நெடுங்காலம் வளர்ந்தது. இந்தக் கட்டுரை அந்தக் கிளையைப் பற்றியது. சோகப் பாட்டு என்று அதை வரையறுத்தால் உலக இசையில் பாதியை அதற்குள் அடக்கிவிடலாம். ஹார்ட்கோரின் கருவிகளையும் சத்தத்தையும் தன்னாட்சியையும் வைத்துக்கொண்டு, அதன் விறைப்பை மட்டும் உதறிய இசை என்று சொல்வதே பொருந்தும் என்பது என் கருத்து.

அந்த விறைப்பு எப்படிப்பட்டது என்று தெரியாமல் உதறியது புரியாது. 1970-களின் கடைசியில் கலிஃபோர்னியாவின் பிளாக் ஃப்ளாக், வாஷிங்டனின் பேட் பிரெய்ன்ஸ் போன்ற குழுக்கள் பங்க் என்னும் எளிய, வேகமான ராக் இசையை இன்னும் வேகமாக, இன்னும் சுருக்கமாக, இன்னும் சத்தமாக வாசிக்கத் தொடங்கின. 1980-இல் வாஷிங்டனில் இயன் மெக்கையும் ஜெஃப் நெல்சனும் தங்கள் பள்ளிக்காலக் குழுவின் கச்சேரிகளில் சேர்ந்த பணத்தைப் போட்டு டிஸ்கார்ட் என்ற இசைத்தட்டு நிறுவனத்தை ஆரம்பித்தார்கள். முதல் இசைத்தட்டின் உறைகளை அவர்களும் நண்பர்களும் கையாலேயே வெட்டி, மடித்து, ஒட்டினார்கள். அவர்களது அடுத்த குழுவான மைனர் த்ரெட் 1981-இல் வெளியிட்ட முதல் தட்டில் எட்டுப் பாடல்கள் இருந்தன; எல்லாம் சேர்ந்து பத்து நிமிடத்தைக்கூடத் தாண்டவில்லை. கிட்டார் இரண்டு மூன்று பவர் கார்டுகளை (ஓரிரு சுரங்களை மட்டும் சேர்த்து ஒரே அடியில் ஒலிக்கும் கனமான சுரக்கூட்டு) விடாமல் அறைந்துகொண்டிருக்கும். டிரம்ஸ் மூச்சுவிட இடம் கொடுக்காது. பாடகர் யாரையோ நோக்கி விரல் நீட்டிக் கத்துவார். அந்த யாரோ காவல்துறையாகவோ பெற்றோராகவோ அரசாகவோ குடிபோதையில் திரியும் சகவயதினராகவோ இருக்கலாம். அரங்கில் இருப்போர் ஒரே குரலில் திருப்பிக் கத்துவதற்கு வசதியாகப் பல்லவி அமைந்திருக்கும். பாடுபவருக்குத் தான் சொல்வதில் துளியும் சந்தேகம் இருக்காது.

இந்த உறுதியே சில ஆண்டுகளில் சுமையாகிவிட்டது. மைனர் த்ரெட் 1983-இல் கலைந்தது. அடுத்து வந்த குழுக்களில் பல அதே வேகத்தையும் அதே கோபத்தையும் நகலெடுத்தன. மேடைக்கு முன்னால் ஒருவரையொருவர் மோதி ஆடும் ஆட்டம் உண்மையான அடிதடியாக மாறியது. அடிப்பதற்காகவே வருகிற கூட்டம் ஒன்று உருவானது. அவர்களில் இனவெறி பேசும் மொட்டைத்தலை இளைஞர்களும் இருந்தார்கள். பெண்கள் பலர் முன்வரிசையை விட்டுப் பின்னுக்குப் போனார்கள். அந்த இசையைத் தொடங்கி வைத்தவர்களே தங்கள் கச்சேரிகளுக்குப் போகத் தயங்கும் நிலை வந்தது. இதற்கிடையே மாற்றத்துக்கான அறிகுறிகளும் தெரிந்தன. வாஷிங்டனின் ஃபெய்த் குழு 1983-இல் வெளியிட்ட தட்டில் வேகம் சற்றுக் குறைந்து மெட்டு தலைகாட்டியது. மினியாபோலிஸ் பகுதியின் ஹஸ்கர் டூ குழு 1984-இல் இரட்டை இசைத்தட்டு ஒன்றை வெளியிட்டு, ஹார்ட்கோரைக் கொண்டு ஒரு நிமிடக் கோபத்தைவிடப் பெரியதைச் சொல்ல முடியும் என்று காட்டியது.

1985-ஆம் ஆண்டுக் கோடையை வாஷிங்டன் பங்க் வட்டத்தினர் 'புரட்சிக் கோடை' என்று அழைத்தார்கள். டிஸ்கார்ட் வட்டத்தைச் சேர்ந்த ஏமி பிக்கரிங் வைத்த பெயர் அது. அடிதடிக் கும்பலிடம் விட்டுக்கொடுத்த இடத்தை மீட்டு, புதிய குழுக்களைத் தொடங்கி, புதிய விதமாக வாசிப்போம் என்ற அழைப்பு அதில் இருந்தது. தென்னாப்பிரிக்கத் தூதரகத்தின் முன் டிரம்களையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் தட்டி நிறவெறி ஆட்சியை எதிர்த்ததும் அதே கோடையில்தான். எமோ அகத்தை மட்டும் பாடும், அரசியல் தெரியாத இசை என்று சொல்வோர் அது பிறந்த இந்தச் சூழலைக் கணக்கில் எடுப்பதில்லை.

அந்தக் கோடையின் நடுநாயகம் ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங் என்ற குழு. கை பிச்சியோட்டோ பாடி கிட்டார் வாசித்தார். எடி ஜேனி இன்னொரு கிட்டார், மைக் ஃபெலோஸ் பேஸ், பிரெண்டன் கான்டி டிரம்ஸ். அவர்களுடைய ஒரே முழு ஆல்பம் 1985-இல் டிஸ்கார்டிலிருந்து வந்தது. வர்ஜீனியா மாநிலம் ஆர்லிங்டனில் டான் ஸியன்டாரா தன் வீட்டின் அடித்தளத்தில் வைத்திருந்த இன்னர் இயர் ஒலிப்பதிவுக்கூடத்தில் அது பதிவானது. முதல்முறை கேட்கும்போது அதுவும் வேகமான பங்க் இசைதான் என்று தோன்றும். அப்படித் தோன்றுவதில் தவறில்லை. டிரம்ஸின் ஓட்டம் ஹார்ட்கோரின் ஓட்டமே. ஆனால் பிச்சியோட்டோவின் குரலைத் தொடர்ந்து கவனித்தால் வேறுபாடு பிடிபடும். வரியின் தொடக்கத்தில் மெட்டைப் பற்றிக்கொண்டு பாடுகிறார். நடுவில் குரல் கரகரக்கிறது. முடிவில் மெட்டு கைநழுவிப்போய் வெறும் கதறலாகிறது. மைனர் த்ரெட்டின் கத்தல் முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல் வரை ஒரே உயரத்தில் நிற்கும். இங்கே குரல் உடைவது நம் காதுக்கு முன்னாலேயே நடக்கிறது. ஆல்பத்தின் சோகம் காதல் தோல்வியைப் பற்றியது மட்டும் அல்ல. கடந்துபோன காலம், தவறவிட்ட தருணம், தன்னையே நம்ப முடியாத நிலை என்று 'நான்' என்னும் இடத்திலிருந்து வரிகள் எழுகின்றன. இறுதிப் பாடல் ஏழு நிமிடத்தைத் தாண்டி ஓடுகிறது. நாலாண்டுக்கு முன் அந்த நேரத்துக்குள் அதே நகரத்தில் ஆறேழு பாடல்களை முடித்திருப்பார்கள். கச்சேரிகளில் கிட்டார்கள் உடைந்தன, பார்க்க வந்தவர்கள் அழுதார்கள் என்று அங்கே இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் செய்த கச்சேரிகள் மிகக் குறைவு. 1986-இன் தொடக்கத்திலேயே குழு கலைந்தது.

அதே காலத்தில் மெக்கை, ஃபெய்த் குழுவில் இருந்த மூவரைச் சேர்த்துக்கொண்டு எம்ப்ரேஸ் என்ற குழுவைத் தொடங்கினார். மைனர் த்ரெட்டில் பிறரை நோக்கி நீண்ட விரல் இங்கே தன் பக்கமே திரும்புகிறது. வேகம் தணிந்த, ஏறத்தாழ நடைபோடும் தாளத்தில், தன் கோபம் நேர்மையானதுதானா என்று பாடகர் தன்னையே கேட்டுக்கொள்கிறார். இந்தக் குழுக்களை யாரோ 'எமோஷனல் ஹார்ட்கோர்' என்று அழைக்க, அது 'எமோகோர்' என்று சுருங்கி, பிறகு எமோ ஆனது. சம்பந்தப்பட்ட இருவருமே அந்தப் பெயரை வெறுத்தார்கள். மெக்கை மேடையிலேயே அதைக் கேலி செய்தார். பிச்சியோட்டோ, மற்ற ஹார்ட்கோர் குழுக்களுக்கு மட்டும் உணர்ச்சி இல்லையா என்று பின்னாளில் கேட்டார்.

நியாயமான கேள்வி அது. பேட் பிரெய்ன்ஸைக் கேட்டுவிட்டு யாரும் அதில் உணர்ச்சி இல்லை என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் எமோவை வேறுபடுத்துவது உணர்ச்சியின் அளவல்ல. அந்த உணர்ச்சி இசையின் கட்டமைப்பை என்ன செய்கிறது என்பதே. ஹார்ட்கோரில் கோபம் பாட்டை இறுக்குகிறது. வேகமும் சுருக்கமும் அதற்குக் கவசம். எமோவில் தவிப்பு பாட்டை நெகிழ்த்துகிறது. பாட்டு நீளலாம், நடுவில் நின்றுபோகலாம், பல்லவியே இல்லாமல் முடியலாம், தாளம் தடுமாறுவதைப் போல வாசிக்கப்படலாம். பாடகர் சொல்லாமல் விட்டதை இசையின் வடிவமே சொல்லிவிடும்.

கிட்டாரைக் கவனித்தால் இது இன்னும் தெளிவாகும். பவர் கார்டை அறைவதற்குப் பதிலாக, கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மெதுவாக மீட்டுவது எமோவின் தனி அடையாளமாயிற்று. இன்னொரு அடையாளம், ஒரே சுரத்தை இரண்டு ஸ்தாயிகளில் சேர்த்து, இடையில் உள்ள தந்தியை விரலால் அடக்கி, கழுத்தின் மேலும் கீழும் நகர்த்தி வாசிப்பது. ஒற்றைச் சுரத்தின் மெட்டும் கார்டின் கனமும் சேர்ந்து கேட்கும் அந்த ஒலியில் ஒரு மன்றாடல் இருக்கும். இரண்டு கிட்டார்கள் இருந்தால் இரண்டும் ஒரே கார்டைத் தடிமனாக்குவதில்லை. ஒன்று கேட்டதற்கு மற்றொன்று விடை சொல்வதுபோல் பின்னிக்கொள்ளும். இவற்றோடு வருவது சன்னமும் முழக்கமும் மாறிமாறி வரும் அமைப்பு: ஒரு கிட்டாரின் மெல்லிய மீட்டலும் கிட்டத்தட்ட முணுமுணுப்பான பேச்சுமாகத் தொடங்கி, ஒரு நொடியில் ஆம்ப்கள் (கிட்டாரின் ஒலிபெருக்கிகள்) முழு ஒலியில் வெடித்து, பாடகர் மைக்கை விட்டு விலகி நின்று கதறி, மறுபடி அடங்கும்.

இந்த அமைப்பை உச்சத்துக்குக் கொண்டுபோன குழுக்கள் வாஷிங்டனுக்கு வெளியே உருவாயின. மேரிலாந்து மாநிலத்தின் அனாபொலிஸில் 1986-இல் தொடங்கிய மாஸ் ஐகான், இன்றைய ரசிகர்கள் பலருக்கு ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்கைவிட முக்கியமான முன்னோடி. அங்கே பாடகர் ஜோனதன் வான்ஸ் பல இடங்களில் பாடுவதேயில்லை. மந்திரம் ஓதுவதுபோல், கதை சொல்வதுபோல் பேசிக்கொண்டே போகிறார், கிட்டார் ஒரு சிறு மெட்டைச் சுற்றிச்சுற்றி வருகிறது, எங்கே வெடிக்கும் என்று ஊகிக்க முடிவதில்லை. அவர்களுடைய ஆல்பத்தின் தலைப்புப் பாடல் பத்து நிமிடத்துக்கும் அதிகம். அந்த ஆல்பம் குழு கலைந்த பின்புதான் வெளியானது என்பதும் இந்த உலகின் இயல்புக்குப் பொருந்துகிறது.

1993-இல் கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் தோன்றி அடுத்த ஆண்டே முடிந்துபோன இந்தியன் சம்மர், தொடக்கநிலையில் கேட்பவருக்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. கிட்டார் தூரத்தில் ஒலிப்பதுபோல் தொடங்கும். பாடகரின் குரல் அதற்கும் பின்னால், சொற்கள் பாதி மட்டும் விளங்கும்படி கேட்கும். பாடல்களின் ஓரத்தில் 1920-களின் ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தின் பழைய பதிவு, இசைத்தட்டின் கரகரப்போடு ஒலிக்கும். பிறகு எல்லாம் ஒருசேர வெடிக்கும். ஒலியின் அளவை இப்படிக் கையாள்வது வெறும் உத்தி என்று சிலர் சொல்வார்கள். நூறு குழுக்கள் அதை நகலெடுத்த பிறகு அது உத்தியாகத்தான் போயிற்று. ஆனால் இந்தியன் சம்மரில் அந்த அமைதி வெடிப்புக்கான ஆயத்தமாக இல்லை. சொல்ல வந்தவர் சொல்லத் துணியாமல் நிற்கும் நேரமாக இருக்கிறது.

தெற்கே சான் டியாகோவில் வேறொன்று நடந்தது. ஹெராயின் குழுவைச் சேர்ந்த மேட் ஆண்டர்சன் 1991-இல் தொடங்கிய கிராவிட்டி நிறுவனத்தைச் சுற்றி இருந்த குழுக்கள், அமைதியைக் குறைத்துச் சிதறலைக் கூட்டின. தாளம் உருக்குலைந்து, கிட்டார் ஃபீட்பேக்கில் (ஒலிபெருக்கியின் ஒலியே கிட்டாருக்குள் திரும்பி எழுப்பும் இரைச்சலில்) கிறீச்சிட்டு, பாடகர் மூச்சு முட்டக் கத்தி, ஒரு நிமிடத்தில் எல்லாம் முடியும். வேகத்தில் இது பழைய ஹார்ட்கோருக்குத் திரும்பியதுபோல் தெரிந்தாலும், அந்தப் பழைய உறுதி திரும்பி வரவில்லை. யாரையும் மிரட்டாத வேகம் இது. இதிலிருந்து வளர்ந்ததைத்தான் ஸ்க்ரீமோ என்றார்கள். நியூயார்க்கின் சேஷியா, மாசசூசெட்ஸின் ஆர்கிட், வர்ஜீனியாவின் எட்டுப் பேர் கொண்ட பேஜ் நைன்ட்டி நைன் ஆகிய குழுக்கள் 1990-களின் பிற்பகுதியில் அதை முழு வடிவத்துக்குக் கொண்டுவந்தன. ஜப்பானின் என்வி, இத்தாலியின் ஃபொர்லி நகரத்து ரயீன், லா குவியெட்டே போன்றவை அதைத் தங்கள் மொழிகளிலேயே பாடின.

இதுவரை சொன்னது ஒலியைப் பற்றி. பெரிய நிறுவனங்களுக்கு வெளியே வாழ்ந்த தலைமறைவு இசை என்று இதைச் சொல்லலாம்; அதற்கான காரணம் ஒலிக்கு வெளியே, அது கைமாறிய விதத்தில் இருக்கிறது. அதை ஒதுக்கிவிட்டு எமோவை வரையறுக்க முடியாது என்றே நினைக்கிறேன். 1990-களின் எமோ குழு ஒன்று பெரும்பாலும் விட்டுச்சென்றது ஒன்றிரண்டு ஏழு அங்குல இசைத்தட்டுகள், மற்றொரு குழுவோடு ஆளுக்கொரு பக்கமாகப் பகிர்ந்துகொண்ட ஒரு தட்டு, முடிந்தால் ஓர் ஆல்பம். சில நூறு அல்லது ஓரிரு ஆயிரம் படிகள் அச்சாகும். உறையைக் குழுவினரே ஸ்கிரீன் பிரிண்டிங் செய்வார்கள். பழுப்புக் காகிதப் பையை வெட்டிச் செய்த உறைகளும் உண்டு. உள்ளே ஜெராக்ஸ் எடுத்த தாள்கள் மடித்து வைக்கப்பட்டிருக்கும். பாடல் வரிகளோடு, அந்தப் பாடல் எதைப் பற்றியது என்ற விளக்கக் கட்டுரையும் இருக்கும். அந்தக் கட்டுரை பாலியல் வன்முறையைப் பற்றியதாகவோ, இறைச்சித் தொழிலைப் பற்றியதாகவோ, தன் குடும்பத்துக்குள் தான் கண்ட ஆண் அதிகாரத்தைப் பற்றியதாகவோ இருக்கலாம். கதறலில் ஒரு சொல்லும் புரியாத கேட்பவர், இந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பாட்டை மறுபடி போட்டுக் கேட்பார். குரலில் தெளிவில்லாததைத் தாள் ஈடுகட்டியது. இரண்டும் சேர்ந்ததே படைப்பு.

விற்பனை அஞ்சல் வழியில் நடந்தது. கலிஃபோர்னியாவின் சான்டா பார்பரா அருகே கென்ட் மெக்லார்ட் நடத்திய எபுலிஷன் நிறுவனம் தட்டுகளை வெளியிட்டது, பிறருடையவற்றையும் விநியோகித்தது. 1994 முதல் 2006 வரை ஹார்ட் அட்டாக் என்ற சிற்றிதழையும் நடத்தியது. பார்கோடு அச்சிட்ட எந்த இசைத்தட்டுக்கும் அந்த இதழில் மதிப்புரை கிடையாது, விளம்பரமும் கிடையாது. பார்கோடு என்பது பெரிய கடைச் சங்கிலிகளுக்குள் நுழைவதற்கான சீட்டு. அது வேண்டும் என்பவர் வேறு உலகத்தைத் தேர்ந்துகொண்டார் என்பது அவர்கள் கணக்கு. இதில் கொஞ்சம் தூய்மைவாதமும் வீம்பும் இருந்தன என்பதை மறுக்க முடியாது. எது சரியான பங்க், எது துரோகம் என்று அந்தச் சிற்றிதழ்களின் வாசகர் கடிதங்களில் நடந்த சண்டைகள் நம் சிற்றிதழ்ச் சண்டைகளுக்கு எந்த விதத்திலும் குறைந்தவை அல்ல. ஆனால் அந்த வீம்புதான் பதினெட்டு வயதுப் பையன்கள் யாருடைய அனுமதியும் இல்லாமல் நாடு முழுவதும் வேனில் சுற்றி வாசிப்பதைச் சாத்தியமாக்கியது. எந்த ஊரில் யார் வீட்டில் வாசிக்கலாம், யாரிடம் இரவு தங்க இடம் கிடைக்கும் என்ற விவரங்களைத் தொகுத்து ஆண்டுதோறும் கையேடே வெளியானது. கச்சேரி நடந்த இடங்கள் வீடுகளின் அடித்தளம், தேவாலயக் கூடம், வாடகை மண்டபம், நியூயார்க்கின் ஏபிசி நோ ரியோ, கலிஃபோர்னியாவின் கில்மன் தெரு அரங்கு போன்ற தொண்டர்கள் நடத்தும் இடங்கள். நுழைவுக் கட்டணம் சில டாலர்கள். பல குழுக்கள் மேடையைத் தவிர்த்துத் தரையிலேயே நின்று வாசித்தன. பாடகருக்கும் கேட்பவருக்கும் இடையே ஓர் அடி தூரம்கூட இருக்காது. குரல் உடைவதை இசையின் மையமாக வைத்த ஒரு வகைக்கு இந்த நெருக்கம் அலங்காரம் அல்ல. இருபதாயிரம் பேர் உட்காரும் அரங்கில் அதே உடைதல் நடிப்பாகத் தோன்றிவிடும்.

பிறகு பெயர் எப்படி வேறு இடத்துக்குப் போனது என்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1994-இல் சியாட்டிலின் சன்னி டே ரியல் எஸ்டேட் குழுவின் முதல் ஆல்பம் சப் பாப் நிறுவனத்திலிருந்து வந்தது. ஹார்ட்கோரிலிருந்து வந்தவர்கள்தான் அவர்களும். ஆனால் கதறலின் இடத்தை மெட்டும் உயர்ந்த குரலும் எடுத்துக்கொண்டன. சிகாகோ, கன்சாஸ், டெக்சாஸ் பக்கத்துக் குழுக்கள் அந்த வழியில் இன்னும் மென்மையாயின. 2001-02-இல் ஜிம்மி ஈட் வேர்ல்ட் குழு வானொலியில் வெற்றி பெற்றது. அதன்பின் எமோ என்பது விற்பனைக்கான பெயராயிற்று. மை கெமிக்கல் ரொமான்ஸ் அந்தப் பெயரின் முகமாக ஆக்கப்பட்டபோது, அவர்களும் அதை ஏற்க மறுத்தார்கள். இந்தப் பெயரைச் சூட்டப்பட்டவர்கள் இரு முனைகளிலும் அதைத் தள்ளிவிட்டது வேடிக்கைதான்.

பிந்தைய இசை போலி என்று நான் சொல்ல வரவில்லை. அதில் நல்ல பாடல்கள் உண்டு. ஆனால் அது பாப் இசையின் கட்டமைப்பை ஏற்றுக்கொண்டது: பல்லவி உரிய இடத்தில் வரும், குரல் எவ்வளவு தவித்தாலும் மெட்டை விடாது, ஒலிப்பதிவு வழவழப்பாக இருக்கும். சோகம் பாட்டின் பேசுபொருளாக இருக்கிறது, பாட்டின் வடிவத்தைத் தொடுவதில்லை. ஒரு குழுவை எங்கே வைப்பது என்று குழம்பினால் இதையே உரைகல்லாகக் கொள்ளலாம்: அதிலிருந்து ஹார்ட்கோரை எடுத்துவிட்டால் பாட்டு நிற்குமா? ஜிம்மி ஈட் வேர்ல்டின் பாட்டு நிற்கும். மாஸ் ஐகானின் பாட்டு நிற்காது. சன்னி டே ரியல் எஸ்டேட் இரண்டுக்கும் நடுவே, விவாதத்துக்கு உரிய இடத்தில் இருக்கிறது.

புதிதாகக் கேட்க விரும்புபவர் முதலில் மைனர் த்ரெட்டின் அந்தப் பத்து நிமிடங்களைக் கேட்டுவிட்டு, உடனே ரைட்ஸ் ஆஃப் ஸ்பிரிங்கின் ஆல்பத்துக்குப் போகலாம். இரண்டுக்கும் இடையிலான நான்கே ஆண்டுகளில் நடந்தது காதிலேயே விழும். அடுத்து இந்தியன் சம்மர், அதற்குப் பிறகு மாஸ் ஐகான். ஆர்கிட்டையும் சேஷியாவையும் கடைசிக்கு வைத்துக்கொள்வது நல்லது. முன்னவை பழகாத காதுக்கு அவை இரைச்சலாக மட்டுமே கேட்கும். வரிகளைத் தேடி எடுத்து எதிரில் வைத்துக்கொண்டு கேளுங்கள். இந்தக் குழுக்களே அப்படிக் கேட்கப்பட வேண்டும் என்றுதான் அந்தத் தாள்களை உறைக்குள் மடித்து வைத்தன.